புதையல் தீவும் கண்ணீர்த் தீவும்

நாற்புறமும் கடல், நடுவே ஒரு சிறு தீவு. கரையிறங்கியவர்கள் சிலபேர். அவர்களைக் கொண்டுவந்த படகு திரும்பிப் போய்விட்டது. அல்லது புயலில் சிக்கி உடைந்துவிட்டது. அன்றிரவு ஒருவர் இறந்து கிடக்கிறார். வெளியார் எவரும் வந்திருக்க முடியாது. ஆகவே கொன்றவர் நம்மோடு உட்கார்ந்து உணவருந்தியவரே என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த அமைப்பில் எழுதப்பட்ட ஆங்கில நாவல்களுக்குக் கணக்கே இல்லை. அகதா கிறிஸ்டி அம்மையார் பத்துப் பேரை ஒரு தீவில் அடைத்து 1939-இல் எழுதிய நாவல் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. இனி வரவிருக்கும் நூல்களின் அறிவிப்புகளைப் புரட்டினாலும், ஆண்டுதோறும் நாலைந்து தீவுகளாவது தலைகாட்டாமல் இருப்பதில்லை.

பெற்றோர் சிலருக்கு இவ்வகைக் கதைகள்மீது மனத்தாங்கல் உண்டு. கொலையையும் கொள்ளையையும் படித்துப் பெண்பிள்ளைகள் எதைக் கற்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. எல்லாப் புத்தகங்களுக்கும் நாம் பரிந்து பேசப் போவதில்லை. மர்மம் அவிழ்ந்த மறுநாளே மறந்துபோகிறவைதாம் அவற்றுள் மிகுதி. ஆனால் தீவுக் கதைகளுக்கெல்லாம் வழிகாட்டியாக நின்ற ஒருவருடைய வாழ்க்கையை அறிந்தபின், அவர் எழுதியவற்றை வெறும் கொள்ளைக் கதை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அவரே “புதையல் தீவு” எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன்.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1850 நவம்பர் 13 அன்று அவர் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அந்தக் குடும்பம் கலங்கரை விளக்கங்களைக் கட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டது. கடல் ஏறும்போது நீருள் மூழ்கிவிடுகிற பெல் ராக் என்னும் பாறையின்மேல் கோபுரம் எழுப்பி, 1811-இல் அதில் விளக்கேற்றியவர் பாட்டனார். ஸ்கெரிவோர் என்னும் பாறையில் அதனினும் உயரமாகக் கட்டியவர் பெரியப்பா. தந்தை தாமஸ் ஸ்டீவன்சனும் அவ்வழியே வந்தவர். இரவில் கப்பல்கள் மோதி உடையாமல் காப்பதே அவ்வீட்டாரின் வேலை. பிறந்த பிள்ளையும் அதையே செய்வான் என்று எல்லாரும் எண்ணியிருந்ததில் வியப்பில்லை.

பிள்ளையோ நோயாளி. நெஞ்சுச் சளியும் இருமலும் குளிர்காலம் முழுவதும் அவனைப் படுக்கையில் கிடத்திவிடும். அவனைக் கண்ணுங்கருத்துமாக வளர்த்தவர் அலிசன் கன்னிங்காம் என்ற செவிலித்தாய். கம்மி என்று குழந்தை அவரை அழைத்தது. இருமலால் உறக்கம் பிடிக்காத இரவுகளில் கம்மி பிள்ளையைப் போர்வையோடு தூக்கிச் சன்னலருகே கொண்டுபோவார். எதிர்வரிசை வீடுகளில் எங்கேனும் ஒரு சன்னலில் வெளிச்சம் தெரிந்தால், அங்கும் ஒரு நோயாளிக் குழந்தை நம்மைப் போல் விடியலுக்குக் காத்திருக்கிறதோ என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். கம்மி கண்டிப்பான பக்தி உடையவர். விவிலியக் கதைகளையும் வேதசாட்சிகளின் கதைகளையும் உருக்கமாகச் சொல்லுவார். நாவல் படிப்பதையோ பாவமென்று எண்ணுவார். அவர் வளர்த்த பிள்ளை நாவலாசிரியராகிவிட்டது! ஆயினும் 1885-இல் வெளிவந்த குழந்தைப் பாடல் நூலை ஸ்டீவன்சன் காணிக்கையாக்கியது அந்தக் கம்மிக்கே. அப்பாடல்களுள் சிலவற்றை, நோயில் வலக்கை கட்டப்பட்டிருந்த நாள்களில், இருட்டறையில் இடக்கையால் எழுதினார் என்பதை ஆங்கில வகுப்பில் அவற்றை மனப்பாடம் செய்கிற சிறுமியர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பதினேழாம் வயதில் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1870-ஆம் ஆண்டுக் கோடையில் தொழில் பழகுவதற்காகத் தந்தை அவரை எர்ரெய்டு என்ற சிறு தீவுக்கு அனுப்பினார். கடலுக்குள் பல மைல் தொலைவிலிருந்த பாறையொன்றில் எழும்பிக்கொண்டிருந்த விளக்கக் கோபுரத்துக்கு அங்கேதான் கல் கொத்தினார்கள். மூன்று வாரம் அங்கிருந்தார். கல்லும் சுண்ணாம்பும் அவர் மனத்தில் தங்கினவோ என்னவோ, அந்தத் தீவு தங்கிவிட்டது. எர்ரெய்டுக்கு ஒரு விந்தை உண்டு. கடல் ஏறும்போது அது தீவு. வற்றும்போது மணல்மேல் நடந்தே அக்கரை சேரலாம். பதினாறு ஆண்டுகளுக்குப்பின் வந்த “கடத்தப்பட்டவன்” என்ற நாவலில், கப்பல் உடைந்து கரையொதுங்கும் டேவிட் என்ற இளைஞன் இந்தத் தீவில்தான் அகப்பட்டுக்கொள்கிறான். பச்சைச் சிப்பியைத் தின்று, மழையில் நனைந்து, எதிர்க்கரையில் வீடுகளின் புகையைப் பார்த்தபடி நாள்கணக்கில் தவிக்கிறான். கடைசியில், வழியாகச் செல்லும் மீனவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான், கடல் வற்றுகிற வேளையில் நடந்தே போயிருக்கலாம் என்று விளங்குகிறது. கொலையோ கொள்ளையோ இல்லாமல் வாசகரின் நெஞ்சைப் பதைக்க வைத்து, முடிவில் நாணவும் வைக்கும் பகுதி அது. தீவுக் கதை எழுத விரும்புகிறவர்கள் முதலில் அதைப் படிக்கலாம் என்பது நம் கருத்து.

1871-இல் கலங்கரை விளக்கில் ஒளியை விட்டுவிட்டு எரியச் செய்யும் முறை பற்றி அறிஞர் கழகமொன்றில் கட்டுரை வாசித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தந்தையின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியலை விட்டுவிட்டு எழுத்தாளராகப் போவதாக மகன் அறிவித்துவிட்டார். ஒரு தொழிலாவது கையில் இருக்கட்டும் என்று சட்டம் படிக்க வைத்தார்கள்; 1875-இல் வழக்கறிஞராகவும் ஆனார். ஆனால் வழக்கு நடத்தியதாகச் சொல்லுவதற்கு அதிகம் இல்லை. இடையில் 1873-இல் இதனினும் பெரிய புயல் வீசியது. வீட்டாரின் கண்டிப்பான பிரெஸ்பிட்டீரியன் சமயக் கொள்கைகளைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்று மகன் தந்தையிடம் சொல்லிவிட்டார். தாய் அழுதார், தந்தை தம் வாழ்வே பாழாயிற்று என்று மனம் உடைந்தார். ஸ்டீவன்சன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பின்னாளில் சேரவும் இல்லை. இதை இங்கே சொல்லி வைக்கக் காரணம் உண்டு.

பிரான்சில் சந்தித்த ஃபேனி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க அம்மையாரை 1880-இல் சான் பிரான்சிஸ்கோவில் மணந்தார். அவர் ஸ்டீவன்சனைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் மணவாழ்வு முறிந்தவர். இரு பிள்ளைகளின் தாய். மணமுறிவு பற்றி நம் திருச்சபையின் போதனை வேறு. ஆயினும் அந்த அம்மையார் இல்லாவிட்டால் ஸ்டீவன்சன் நாற்பது வயதைக் கண்டிருக்க மாட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நுரையீரலிலிருந்து இரத்தம் கொட்டும் நோயோடு பதினான்கு ஆண்டுகள் அவரைக் காத்து வைத்திருந்தவர் அவரே.

1881-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பிரேமார் என்னும் ஊரில் குடும்பம் கோடையைக் கழிக்க வந்திருந்தது. கோடை என்றுதான் பெயர், ஓயாத மழை. வெளியே போக முடியாத ஃபேனியின் மகன் லாய்டு வண்ணப்பெட்டியை வைத்துப் படம் தீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடத்தைத் தீட்டினார். துறைமுகம், குன்றுகள், சதுப்பு நிலம் என்று பெயர் எழுதினார். புதையல் இருக்குமிடத்துக்கு அடையாளம் இட்டார். வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க, காட்டுக்குள்ளிருந்து வாளோடு ஆள்கள் எட்டிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றிற்று. மறுநாளே எழுதத் தொடங்கிவிட்டார். நாளுக்கு ஓர் அதிகாரம் எழுதி, மாலையில் வீட்டாருக்குப் படித்துக் காட்டினார்.

கேட்டவர்களுள் தந்தை தாமஸும் ஒருவர். மகன் எழுத்தாளனாவதை எண்ணி வருந்திய அதே முதியவர் இப்போது சிறுவனைவிட ஆவலாகக் கேட்டார்! இறந்துபோன கடற்கொள்ளையனின் பெட்டியைத் திறக்கும் இடம் வந்தபோது, உள்ளே என்னென்ன இருக்கும் என்று ஒருநாள் முழுதும் சிந்தித்து, பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவரே. ஃபிளின்ட் என்ற கொள்ளைத் தலைவனுடைய கப்பலுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. தந்தைக்கும் மகனுக்கும் இடையே எட்டு ஆண்டுகளாக இருந்த வேதனை ஒரு கொள்ளைக் கதையால் தணிந்ததென்றால் நம்பக் கடினமாயிருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

கதையை நாம் முழுதும் சொல்லப் போவதில்லை; படிக்காதவர் இன்பத்தைக் கெடுப்பானேன்? ஒன்றுமட்டும் சொல்லலாம். அந்தத் தீவில் அச்சம் தருவது தீவு அன்று. ஒற்றைக் காலோடு ஊன்றுகோலில் தாவித் தாவி வரும் சமையற்காரன் ஜான் சில்வர், சிரித்த முகமும் இனிய சொல்லும் உடையவன். சிறுவன் ஜிம் அவனிடம் அன்பு கொள்கிறான், நாமும் கொள்கிறோம். பிறகு ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்தபடி ஜிம் கேட்கிற பேச்சில் அவனுடைய மறுமுகம் தெரிகிறது. தெரிந்தபின்னும் அவனை வெறுக்க நம்மால் முடிகிறதா? முடியவில்லை. நல்லவனையும் கெட்டவனையும் சட்டையின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் கதைகளுக்கு நடுவே இது ஒரு புதுமை. காசநோயால் ஒரு காலை இழந்தும் மனந்தளராதிருந்த ஹென்லி என்ற கவிஞர் ஸ்டீவன்சனின் நண்பர்; அவருடைய துணிவையும் கம்பீரத்தையும் எடுத்து, நற்குணங்களை நீக்கிவிட்டே சில்வரைப் படைத்தார். நண்பருக்கு இது மகிழ்ச்சி தந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பதினைந்து அதிகாரங்கள் முடிந்ததும் ஊற்று வற்றிவிட்டது. குளிர்காலத்துக்குச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூருக்குப் போனபின் மிச்சத்தையும் நாளுக்கொன்றாக எழுதி முடித்தார். சிறுவர் பத்திரிகையொன்றில் புனைபெயரில் தொடராக வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1883-இல் நூலாக வந்தபோதோ, பெரியவர்களே அதைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிப் படித்தார்கள். நூலுக்காக அச்சகத்துக்கு அனுப்பிய முதல் வரைபடம் தொலைந்துபோயிற்று. கதையைத் திரும்பப் படித்துப் பார்த்து, அளவுகளைக் கூட்டிக் கழித்து, தந்தையின் அலுவலகத்தில் வேறொன்று வரைந்தார்கள். கொள்ளைத் தலைவன் ஃபிளின்டின் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டவர், கண்டிப்புக்குப் பேர்போன தந்தை தாமஸ்!

நம் மாணவியர் ஒரு குறை சொல்லக்கூடும். ஜிம்மின் தாயைத் தவிர்த்தால் அந்நூலில் பெண்பாத்திரம் என்று சொல்ல எவரும் இல்லை. கேட்டவன் சிறுவன், பெண்கள் வேண்டாமென்றது அவனுடைய ஆணை. ஸ்டீவன்சனின் தீவுகளில் பெண்கள் வராமலே போய்விடவில்லை. ஆனால் அவர்களை அவர் கண்டது கற்பனையில் அன்று.

1886-இல் “டாக்டர் ஜெக்கிலும் திரு. ஹைடும்” வந்து அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. உடம்போ நலிந்துகொண்டே போயிற்று. இங்கிலாந்தின் தென்கரையில் அப்போது அவர் குடியிருந்த வீட்டுக்குப் பெரியப்பா கட்டிய கோபுரத்தின் பெயராகிய ஸ்கெரிவோர் என்பதையே வைத்திருந்தார். அந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டும் கிடந்தார். தீவில் தனித்து விடப்பட்டவனின் மனநிலையை இவர் இவ்வளவு நுட்பமாக எழுதியது எப்படி என்று வியப்பவர்கள், ஆண்டில் பல மாதம் ஒரு கட்டிலே அவருக்குத் தீவாக இருந்ததை நினைத்துக்கொள்ளலாம். 1887-இல் தந்தை காலமானார். அடுத்த ஆண்டு சூன் திங்களில், ஏறத்தாழ அறுபது வயதான தாயையும், மனைவியையும், லாய்டையும் அழைத்துக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காஸ்கோ என்ற பாய்க்கப்பலில் பசிபிக் கடலுக்குப் புறப்பட்டார். கடற்காற்றுப் பட்டதும் நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கினார்.

1889 தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் தலைநகராகிய ஹொனலுலுவை அடைந்தார். அங்கேதான் மொலக்காய் தீவைப் பற்றி விரிவாகக் கேள்வியுற்றார்.

மொலக்காயின் வடகரையில் கலவுபாபா என்று ஒரு நிலமுனை உண்டு. மூன்று பக்கம் அலை சீறும் கடல்; நான்காம் பக்கம் ஏறக்குறைய இரண்டாயிரம் அடி உயரத்துக்குச் சுவர்போல் நிற்கும் மலை. எந்தக் கதாசிரியனும் இதைவிடத் தனிமையான இடத்தைக் கற்பனை செய்திருக்க முடியாது. தொழுநோய் கண்டவர்களைச் சட்டத்தின் பெயரால் பிடித்து 1866 முதல் அங்கே இறக்கி வந்தார்கள். தாயினின்று பிள்ளையும், மனைவியினின்று கணவனும் பிரிக்கப்பட்டார்கள். போனவர் திரும்புவதில்லை. நோய்க்கு மருந்து கண்டபின்னும், அந்தத் தனிமைச் சட்டம் 1969-இல்தான் நீங்கியது. பெல்ஜியம் நாட்டு இளங்குரு அருட்தந்தை தமியான் 1873 மே மாதம் தாமாகவே அங்கே சென்றார். புண்களைக் கழுவினார், வீடுகள் கட்டினார், சவப்பெட்டிகள் செய்தார், குழி வெட்டினார், கடைசியில் அந்நோயையே தாமும் ஏற்று 1889 ஏப்ரல் 15 அன்று தம் 49-ஆம் வயதில் இறந்தார்.

அவர் இறந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. மே மாதம் ஸ்டீவன்சன் அனுமதி பெற்று அங்கே போனார். கப்பலிலிருந்து கரைக்குச் சென்ற படகில், அங்குப் பணிபுரியச் செல்லும் பிரான்சிஸ்கன் கன்னியர் இருவரும் இருந்தார்கள். கரை நெருங்க நெருங்க அவர்களுள் ஒருவர் ஓசையின்றி அழுதார். பார்த்த ஸ்டீவன்சனாலும் கண்ணீரை அடக்க இயலவில்லை. படித்துறையில் அவர்களை வரவேற்கக் கூடியிருந்தவர்களின் முகங்களைக் கண்டபோது, தாம் இதுவரை எழுதிய அச்சங்களெல்லாம் விளையாட்டு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அழுத அந்தக் கன்னியரோ படகிலிருந்து இறங்கி, வேலைக்குப் போய்விட்டார்.

எட்டுப் பகலும் ஏழு இரவும் ஸ்டீவன்சன் அங்கே தங்கினார். பெண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியவர் அன்னை மரியான் கோப். முந்திய ஆண்டுதான் அவர் அங்கே வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்து 1918-இல் இறந்தார். அந்த இல்லத்துச் சிறுமியருக்கு ஸ்டீவன்சன் குரோக்கே என்ற பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார். கொளுத்தும் வெயிலில், நுரையீரல் நோயாளி ஒருவர், தொழுநோயாளச் சிறுமியர் ஏழு பேரோடு மரச் சுத்தியலால் பந்தடித்துக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். கையுறை அணிந்துகொள்ளும்படி சொன்னபோது, பிள்ளைகளுக்கு அவர்கள் நோயை அது நினைவூட்டும் என்று மறுத்துவிட்டாராம். ஆட்டம் முடிந்தபின் கன்னியர் பரிமாறிய எளிய உணவை உண்டார். ஹொனலுலு திரும்பியதும் அந்த இல்லத்துக்கு ஒரு பியானோவை வாங்கி அனுப்பினார். அன்னை மரியானுக்கு ஒரு சிறு கவிதையும் எழுதிக் கொடுத்தார். அந்த இடத்தின் கோரத்தைப் பார்க்கிறவனுக்குக் கடவுளை மறுக்கத் தோன்றும். அங்கே பணிபுரியும் சகோதரிகளைப் பார்த்தபின் வணங்கத் தோன்றும் என்பது அதன் கருத்து. சமயம் காரணமாகத் தந்தையைப் பிரிந்தவர் எழுதிய கவிதை இது!

தமியானைப் பற்றியும் அவர் விசாரித்தார். துதிபாடுகிறவர்களைவிட, தமியானோடு சண்டையிட்டவர்களையே தேடிப் பேசினார். முரட்டுப் பிடிவாதம் உள்ளவர், சுத்தம் பாராதவர், பிறர் சொல் கேளாதவர் என்று குறைகளையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். துப்பறியும் கதைகளில் வரும் விசாரணையை அவர் மெய்யாகவே நடத்தினார் எனலாம். அது எதற்குப் பயன்படப் போகிறதென்று அப்போது அவருக்கே தெரியாது.

1890 பிப்ரவரியில் சிட்னி நகரில் இருந்தபோது, ஹொனலுலுவில் வாழ்ந்த டாக்டர் ஹைடு என்ற பிராட்டஸ்டண்டு போதகர் எழுதிய கடிதம் அவர் கண்ணில் பட்டது. தமியான் அழுக்கானவர், யாரும் அனுப்பாமல் போனவர், பாராட்டப்படுகிற நற்பணிகள் அவர் செய்தவை அல்ல என்று அதில் கண்டிருந்தது. தமியானின் தூய்மையைப் பற்றி நா கூசும் பழியும் இருந்தது. (நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தம் கதையின் கொடியவனுக்கு ஸ்டீவன்சன் ஹைடு என்று பெயர் வைத்திருந்தது வெறும் தற்செயல்தான், ஆனால் எவ்வளவு விந்தையான தற்செயல்!) அந்தப் போதகர் ஹொனலுலுவில் ஸ்டீவன்சனை விருந்தோம்பியவர். ஸ்டீவன்சனின் முன்னோர் சமயத்துக்கு அவரே நெருக்கமானவர். தமியானோ முன்பின் பழகாத, இறந்துபோன, வேற்றுச் சபைக் குரு. வாய்மூடியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்டீவன்சன் எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்தபின் மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினார். இதை வெளியிட்டால் மானநட்ட வழக்கு வரக்கூடும், இருக்கிற பொருளெல்லாம் போய் நாம் தெருவில் நிற்க நேரிடும், உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டேன் என்று தெரிவித்தார். எல்லாரும் சம்மதித்தார்கள். சிட்னியிலேயே தனியாக அச்சிட்டு வெளியிட்டார். பிறகு பதிப்பாளர்கள் பணம் தர முன்வந்தபோது ஒரு காசும் பெற மறுத்துவிட்டார்.

அந்தத் திறந்த மடலின் வலிமை எங்கே இருக்கிறதென்றால், தமியானின் குறைகளை அது மறைக்கவில்லை. முரடர், அழுக்கானவர், பிடிவாதக்காரர் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டு, அதன்பின் ஒரே கேள்வியைக் கேட்கிறது: மலைக்கும் கடலுக்கும் நடுவே அழுகிக்கொண்டிருந்த அந்த மக்களிடம் போனவர் யார், வசதியான வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதியவர் யார்? தமியான் புனிதரென்று அழைக்கப்படும் நாள் வரும் என்ற எண்ணமும் அதில் வெளிப்படுகிறது. போதகர் வழக்குத் தொடுக்கவில்லை. பிற்காலத்தில், அந்த மனிதரை அளவுக்கு மீறிக் கடிந்துவிட்டதாக ஸ்டீவன்சனே வருந்தியதுண்டு. தமியானைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. 2009-இல் தமியானும் 2012-இல் அன்னை மரியானும் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டினால் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

அவ்வாண்டே சாமோவா நாட்டின் உபோலுத் தீவில் வைலிமா என்ற இடத்தில் முந்நூறு ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கி ஸ்டீவன்சன் குடியேறினார். அங்குள்ளோர் அவருக்குக் கதைசொல்லி என்று பொருள்படும் துசிதாலா என்ற பெயரிட்டார்கள். மொலக்காய்க்குப் பின் எழுதிய தீவுக் கதைகளில் தொனியே மாறிவிட்டது. “குப்பிப் பூதம்” என்ற கதையில், கேட்டதைத் தரும் பூதம் அடைத்த குப்பியொன்று வருகிறது. வாங்கிய விலையைவிடக் குறைத்தே விற்கவேண்டும். கையில் வைத்தபடி இறப்பவனுக்கு நரகம். மணநாள் நெருங்கும் வேளையில் தன் உடம்பில் தொழுநோய்த் தேமல் தோன்றக் காண்கிறான் கீயாவே என்ற ஹவாய் இளைஞன். மொலக்காய்க்குப் போவதா, நரகத்துக்கென்று குப்பியை வாங்குவதா? அவன் வாங்குகிறான். அதை அறிந்த மனைவி கோகுவா, அவனுக்குத் தெரியாமல் வேறோர் ஆள் மூலம் அந்தக் குப்பியைத் தானே வாங்கிக்கொள்கிறாள். புதையல் தீவில் பெண் இல்லையென்று குறைபட்டவர்களுக்கு இதோ ஒருத்தி. 1891-இல் இது சாமோவா மொழியில் மறைப்பணியாளர் பத்திரிகையில் வந்தது. அவ்வீட்டுக்கு வந்த சாமோவா மக்கள் சிலர், குப்பியைக் காட்ட முடியுமா என்று அடக்கமாகக் கேட்டுப் பார்த்தார்களாம்!

லாய்டோடு சேர்ந்து எழுதிய “தி ரெக்கர்” 1892-இல் வந்தது. மிட்வே என்ற ஆளில்லாத் தீவில் உடைந்து கிடக்கும் பழங்கப்பல் சான் பிரான்சிஸ்கோவில் ஏலத்துக்கு வருகிறது. ஒன்றுக்கும் உதவாத அந்தக் கப்பலின் விலையை யாரோ ஒருவர் ஐம்பதாயிரம் டாலர் வரை ஏற்றிவிடுகிறார். ஏன்? மர்ம நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நாம் கண்டதில்லை. ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு வந்துசேருமுன் கதை பாரிசிலும் அமெரிக்காவிலும் நெடுநேரம் சுற்றுகிறது, முடிவில் வரும் கொலைகள் சிறுமியருக்கு ஏற்றவையும் அல்ல. 1894-இல் வந்த “தி எப்-டைடு” அதனினும் இறுக்கமானது: வரைபடத்தில் இல்லாத முத்துத் தீவு, வழிதவறிய மூன்று பேர், ஷாம்பெய்ன் என்று நம்பித் திருடிய சரக்கில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். மேல்வகுப்பு மாணவியர் படிக்கலாம்.

சிறுமியருக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று. அமெரிக்க அலுவலர் ஒருவரின் மகள் ஆனி ஐடு, கிறிஸ்து பிறப்பு விழாவன்று பிறந்ததால் தனக்குப் பிறந்தநாள் விழாவே வாய்ப்பதில்லை என்று வருந்தினாளாம். வழக்கறிஞர் பட்டம் அன்றுதான் பயன்பட்டது! ஸ்டீவன்சன் சட்டமொழியில் பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, நவம்பர் 13 என்ற தம் பிறந்தநாளை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வைலிமாவில் மாலைதோறும் வீட்டாரும் வேலையாட்களும் கூடிச் செபிப்பது வழக்கம். செபங்களை எழுதியவர் ஸ்டீவன்சனே. சாமோவா மக்களுக்குள் போர் மூண்டு தலைவர்கள் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு உணவு அனுப்பினார். சிறையில் போய்ப் பார்த்தார். அயல்நாட்டு அதிகாரிகளின் பிழைகளைப் பற்றி லண்டன் பத்திரிகைக்கு எழுதினார். விடுதலையடைந்த தலைவர்கள் 1894-இல், கூலி பெறாமல், தங்கள் கையாலேயே அவர் வீட்டுக்கு ஒரு சாலை அமைத்துத் தந்தார்கள். அதற்கு அன்புள்ளங்களின் சாலை என்று பொருள்படும் பெயரிட்டார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 3. காலையெல்லாம் புதிய நாவலைச் சொல்லச் சொல்ல, மகள் இசபெல் எழுதினார். மாலையில் உணவுக்கு மனைவியோடு சேர்ந்து எதையோ கலக்கிக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இத்தனை ஆண்டு அஞ்சியிருந்த நுரையீரல் அன்று. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இரவு எட்டு மணியளவில் உயிர் பிரிந்தது. வயது 44.

செய்தி கேட்டு, விடுவித்த தலைவர்கள் மெல்லிய பாய்களைக் கொண்டுவந்து உடல்மீது போர்த்தினார்கள். சோசிமோ என்ற பணியாளர் கத்தோலிக்கர். தானும் தன் சபையினரும் அவ்விடத்தில் செபிக்கலாமா என்று வீட்டாரைக் கேட்டார். அனுமதி கிடைத்தது. மொலக்காய் குருவுக்காக வாதாடியவரின் தலைமாட்டில், அந்த இரவு முழுவதும், இறந்தோருக்கான செபங்கள் இலத்தீனிலும் சாமோவா மொழியிலும் ஒலித்தன. பொழுது விடிந்ததும், வையா மலையுச்சியில் அடக்கம் செய்ய வேண்டுமென்ற அவர் விருப்பத்தை நிறைவேற்றுவதற்காக, பாதையே இல்லாத செங்குத்தான காட்டில் மக்கள் கோடரிகளோடும் கத்திகளோடும் வழி வெட்டத் தொடங்கினார்கள். பிற்பகலில் பெட்டி தோளுக்குத் தோள் மாறி மேலே ஏறியது. உச்சியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் அவருடைய வீடும், மறுபுறம் பவளப்பாறையில் உடையும் அலையும் தெரியும். அந்த மலையில் இனி யாரும் துப்பாக்கி வெடிக்கக் கூடாது, பறவைகள் அச்சமின்றிப் பாடட்டும் என்று தலைவர்கள் கட்டளையிட்டதாகக் கூறுவர்.